மரை ‘டேம்’ இல்லை: மலையகத்தின் புதிய வழிகாட்டிகளுக்கு ‘வைல்ட்’ சொற்கள்

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை, எல்ல பக்கங்களில் சுற்றுலா வழிகாட்டி வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கச்சிமார் பலர் ஆங்கிலம் நன்றாகவே பேசுகிறார்கள். தூரம், நேரம், விலை, சாப்பாடு எல்லாம் தட்டுத்தடங்கல் இல்லாமல் வருகிறது. தடுமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. பயணி ஒரு மிருகத்தையோ செடியையோ காட்டி, ‘இது வைல்டா?’ என்று கேட்பார். நாமும் ‘யெஸ், வைல்ட்’ என்று சொல்லிவிட்டு நடப்போம். அந்தப் பதில் பல நேரம் பிழையாக இருக்கும். சில நேரம் ஆபத்தாகவும் முடியும்.

தமிழில் நமக்குக் ‘காட்டு’ என்ற ஒரு சொல் முன்னால் வந்தால் போதும். காட்டுப்பன்றி, காட்டுக்கோழி, காட்டுத்தீ, காட்டுக்கத்தல், காட்டுமிராண்டி என்று எல்லாவற்றுக்கும் அதுவே வரும். எந்த அர்த்தத்தில் வருகிறது என்பதைக் கேட்கிறவர் தானாகப் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் இதே வேலையைப் பத்துப் பதினைந்து சொற்கள் பங்குபோட்டுச் செய்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எந்தச் சொல் எந்தக் கேள்விக்குப் பதில் என்று தெரிந்தால் போதும்.

முதலில் மூன்று கேள்வி

வாயைத் திறக்குமுன் மனதுக்குள் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இது எந்த மண்ணுக்குச் சொந்தம்? இதை யாராவது வளர்க்கிறார்களா, அல்லது இதன் முன்னோரையாவது யாரும் வளர்த்தார்களா? மனிதரைக் கண்டால் இது என்ன செய்கிறது?

முதல் கேள்விக்கு நேட்டிவ், என்டெமிக், இன்ட்ரடியூஸ்ட் என்ற சொற்கள். இரண்டாவதுக்கு வைல்ட், ஃபெரல், ஸ்ட்ரே, கேப்டிவ், டொமெஸ்டிக். மூன்றாவதுக்கு டேம், ஹெபிச்சுவேட்டட், ஷை, அக்ரெசிவ். ஒரு கேள்விக்குரிய பதிலை இன்னொன்றுக்குச் சொல்லும்போதுதான் குழப்பம் வருகிறது.

‘வைல்ட்’ என்றால் கோபக்காரன் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. அம்பேவலப் பண்ணைக் கறவை மாடு டொமெஸ்டிக். கன்று போட்ட நேரத்தில் கிட்டப் போனால் முட்டித் தள்ளிவிடும். தேயிலை மலைகளுக்குப் பக்கத்தில் திரியும் சிறுத்தை வைல்ட். மனித வாடை பட்டால் பெரும்பாலும் அது ஒதுங்கிப் போய்விடும். வளர்ப்பா காடா என்பது ஒன்று, சாதுவா முரடா என்பது வேறொன்று.

மரையைப் பற்றிச் சொல்லும்போது

ஹோர்டன் சமவெளிக்குப் போகிற யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. வாகனம் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே மரை என்ற பெரிய மான் வந்து நிற்கும். பயணிகள் கொடுத்த பாண், பிஸ்கட், பழம் பழகிப்போய், மனிதரைக் கண்டால் ஓடுவதற்குப் பதிலாகக் கிட்ட வருகிறது. பயணி உடனே, ‘சோ டேம்!’ என்பார். நீங்கள் தலையாட்டினால் அடுத்த நிமிடம் அவர் கையில் ஒரு வாழைப்பழம் இருக்கும்.

‘டேம்’ என்றால், மனிதர் பிடித்துப் பழக்கி, தொட்டாலும் பிடித்தாலும் பொறுத்துக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுவந்த தனி மிருகம். அந்த மரையை யாரும் பழக்கவில்லை. பயம் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் சரியான சொல் ஹெபிச்சுவேட்டட். நாக்கில் புரளாவிட்டால், ‘தே ஆர் வைல்ட், பட் யூஸ்ட் டு பீப்பிள்’ என்று சொல்லுங்கள், அர்த்தம் அதேதான். உடனே அடுத்த வசனத்தையும் சேர்த்துவிடுங்கள்: ‘ப்ளீஸ் டோன்ட் ஃபீட்.’ தீனியோடு பொலித்தீன் பையையும் மரை விழுங்குகிறது, அது வயிற்றில் தங்கிவிடும். கொம்புள்ள ஆண் மரை பெரிய மிருகம். தலையை ஒருமுறை திருப்பினாலே பக்கத்தில் நிற்கிறவர் காயப்படலாம். ‘டேம்’ என்று கேட்ட ஒருவருக்கு இந்த எச்சரிக்கை ஏறாது. அதனால்தான் இந்த ஒரு சொல்லில் நான் கறாராக இருக்கிறேன்.

ஹக்கல பூங்காவிலும் பாதையோரங்களிலும் வரும் செங்குரங்குக்கும் இதே கதைதான். உலகத்தில் இலங்கையில் மட்டுமே இருக்கிற இனம் அது, ஆகவே என்டெமிக். கையிலிருந்து பறிக்கிற துணிச்சலுக்கு ‘போல்ட்’ என்று சொல்லலாம், ‘டேம்’ என்று சொல்ல வேண்டாம். குரங்கோ நாயோ கடித்தாலும் கீறினாலும் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். விசர்நாய்க்கடி நோய்க்கு ஊசி தாமதிக்கக் கூடாது.

யானைக்கு எந்தச் சொல்?

கண்டிப் பெரஹராவில் ஊர்வலம் போகும் யானையையும் பின்னவலையில் குளிக்கும் யானையையும் பார்த்துவிட்டுத்தான் பலர் மலைக்கு ஏறி வருகிறார்கள். ‘டொமெஸ்டிகேட்டட் எலிஃபன்ட்’ என்று அவர்களே சொல்வார்கள். மரியாதையாகத் திருத்தலாம். டொமெஸ்டிகேட்டட் என்பது ஓர் இனம் முழுவதற்கும் உரிய சொல். தலைமுறை தலைமுறையாக மனிதர் தெரிந்தெடுத்துப் பெருக்கியதால் உடலும் குணமும் மாறிப்போன இனம்: மாடு, ஆடு, நாய், கோழி. ஆசிய யானைக்கு அது நடக்கவில்லை. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மனிதர் யானையைக் காட்டிலிருந்து பிடித்துப் பழக்கினார்களே தவிர, வீட்டு இனமாக மாற்றவில்லை. ஆகவே பெரஹரா யானை ‘கேப்டிவ்’, அதாவது மனிதர் பிடியில் இருப்பது. பாகனுக்குப் பணிகிறது என்று சொல்ல வேண்டுமானால் ‘டேம்’ அல்லது ‘டிரெய்ன்ட்’. பின்னவலை 1975இல் தொடங்கியது அநாதை யானைக் குட்டிகளுக்காக. அங்கே பிறந்தவையும் இருக்கின்றன. அப்படிப் பிறந்தவை ‘கேப்டிவ் பார்ன்’.

ஹோர்டன் சமவெளியில் யானை இருக்கிறதா என்றும் கேட்பார்கள். இன்றைக்கு இல்லை. முன்பு இருந்தன. வெள்ளைக்காரர் காலத்து வேட்டையில் இந்த மலைகளின் யானைகள் அழிந்தன. இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள்.

ஃபெரல், ஸ்ட்ரே: இரண்டையும் பிரித்துப் பழகுங்கள்

வளர்த்த இனம், மனிதர் கையை விட்டுப் போய், காட்டிலேயே பெருகி வாழ்ந்தால் அது ஃபெரல். வைல்ட் மிருகத்தின் முன்னோரை யாரும் வளர்க்கவில்லை, ஃபெரல் மிருகத்தின் முன்னோரை வளர்த்தார்கள். வேறுபாடு அவ்வளவுதான். நம் நாட்டில் இதற்கு எடுப்பான உதாரணம் மலையகத்தில் இல்லை, நெடுந்தீவில் இருக்கிறது. ஐரோப்பியர் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்தவை அங்கே மேய்கின்றன. விளம்பரத் தாள்களில் ‘வைல்ட் ஹார்ஸஸ்’ என்று போட்டிருக்கும். சரியான சொல் ‘ஃபெரல்’. மலைநாட்டைப் பார்த்துவிட்டு யாழ்ப்பாணம் போகிற பயணிகள் நிறையப் பேர், அவர்களிடம் சொல்லி அனுப்பலாம். நுவரெலியா டவுனில் சில நேரம் அவிழ்ந்து திரியும் சவாரிக் குதிரைகளுக்கு ஆள் உண்டு. அவை வைல்டும் இல்லை, ஃபெரலும் இல்லை. ‘லூஸ்’ அல்லது ‘ஃப்ரீ ரோமிங்’ என்று சொன்னால் சரி.

ஸ்ட்ரே என்பது வீடிழந்தது, அல்லது பார்த்துக்கொள்ள ஆளில்லாதது. ஆனால் மனிதர் நடுவே வாழ்ந்து பழகியது. மனிதக் கையே படாமல் வளர்ந்து, ஆளைக் கண்டால் பதுங்குகிற நாய்க்குத்தான் ஃபெரல் பொருந்தும். லயத்து நாய், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் வாழும் நாய், இந்த இரண்டிலும் அடங்காது. ஒரு வீட்டில் பிறக்கும், நாலு வீட்டில் சாப்பிடும், லயம் முழுவதையும் காவல் காக்கும். பயணி அதைப் பார்த்து ‘ஸ்ட்ரே’ என்று இரக்கப்பட்டால், ‘கம்யூனிட்டி டாக்’ என்று சொல்லுங்கள். அந்த நாய்க்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியட்டும்.

கோழியில் ஒரு நுட்பம். இலங்கையின் தேசியப் பறவையான காட்டுக்கோழி என்டெமிக், முழுக்க வைல்ட். சேவலின் சிவப்புக் கொண்டையின் நடுவில் மஞ்சள் தெரியும், அதை வைத்து அடையாளம் காட்டலாம். வீட்டுக் கோழி பெரும்பாலும் ஆசியாவின் வேறு பகுதிகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து வந்தது. எனவே காட்டோரம் மேய்கிற லயத்துக் கோழியும் நம் காட்டுக்கோழியும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

ஓடைகளிலுள்ள ட்ரவுட் மீன் எல்லாவற்றிலும் சிக்கலானது. பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தூண்டில் விளையாட்டுக்காக மலைநாட்டு ஓடைகளில் விட்ட மீன் அது. ஓடையிலேயே குஞ்சு பொரித்து வளர்ந்ததைத் தூண்டில்காரர்கள் ‘வைல்ட் ட்ரவுட்’ என்பார்கள். தொட்டியில் வளர்த்து விட்டது ‘ஸ்டொக்ட்’. அவர்கள் பேச்சில் அது சரி. ஆனால் நம் ஓடைக்கு அது எப்போதும் ‘இன்ட்ரடியூஸ்ட்’, வெளியிலிருந்து கொண்டுவந்தது. வைல்டாக இருந்துகொண்டே நேட்டிவ் இல்லாமல் இருக்க முடியும். இந்த ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டால் செடிகளின் சொற்கள் தாமாகப் புரியும்.

செடி கொடிகள்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பகுதி சுலபம். நமக்குச் செடி தெரியும், சொல்தான் வேண்டும்.

கைவிடப்பட்ட தேயிலை மலையிலிருந்து தொடங்குவோம். வருஷக்கணக்காகக் கவ்வாத்து (கிளை வெட்டிவிடுவது) இல்லை, கொழுந்து எடுக்கவில்லை, மாணாப் புல் படர்ந்து காடாகிப் போயிருக்கிறது. இடுப்பளவில் நின்ற தேயிலை மரமாக உயர்ந்து நிற்கும். பயணி ‘வைல்ட் டீ?’ என்று ஆவலாகக் கேட்பார், ஏனென்றால் அந்தப் பெயரில் விலைகூடிய தேயிலை வெளிநாட்டுக் கடைகளில் விற்கிறது. உண்மையில் ‘வைல்ட் டீ’ என்றால் அசாம், யுனான் பக்கத்துக் காடுகளில் இயல்பாக வளரும் தேயிலை. இங்கே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் பயிரிட்டதிலிருந்து வளர்ந்த பயிர், எல்லாம் மனிதக் கை நட்டது. எனவே ‘அபேன்டன்ட் டீ’ (கைவிடப்பட்ட தேயிலை) அல்லது ‘டீ தட் ஹாஸ் கோன் வைல்ட்’. இந்த ‘கோன் வைல்ட்’, ‘ரன் வைல்ட்’ என்ற பிரயோகங்களைக் கட்டாயம் பழகுங்கள். முன்பு பராமரித்தது இப்போது காடாகிறது என்ற முழுக் கதையும் அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. கவ்வாத்து வெட்டினவர்கள் யார், ஏன் அந்த மலை கைவிடப்பட்டது என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல நம்மைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

லயத்துப் பின்பக்கம் பழைய கோப்பி தானாக முளைத்து நிற்கும். நட்டவர் யாரும் இல்லாமல் முளைத்த பயிர்ச்செடி ‘வாலண்டியர்’. தக்காளி, பூசணி, கோப்பி எதற்கும் பொருந்தும். பூந்தோட்டத்திலிருந்து தப்பி வெளியே பரவியது ‘கார்டன் எஸ்கேப்’. வெளியூர்ச் செடி இங்கே வந்து, யார் உதவியும் இல்லாமல் தலைமுறையாகப் பெருகினால் ‘நேச்சுரலைஸ்ட்’. அப்படிப் பெருகி நம் செடிகளை நெருக்கி அழித்தால் ‘இன்வேசிவ்’. பாதையோரம் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் காட்டுச் சூரியகாந்தியை ‘வைல்ட் சன்ஃப்ளவர்’ என்று இங்கே ஆங்கிலம் பேசுகிறவர்களும் சொல்கிறார்கள். அது மெக்சிகோ பக்கத்துச் செடி. ‘வைல்ட்ஃப்ளவர்’ என்று பயணி படம் எடுத்தால் தடுக்க வேண்டாம். ‘இன்ட்ரடியூஸ்ட்’ என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால் போதும்.

ஹோர்டன் சமவெளியில் முள்ளும் மஞ்சள் பூவுமாக நிற்கும் கோர்ஸ் என்ற புதரைக் கண்டால் பிரித்தானியப் பயணிகள் ஊர் ஞாபகத்தில் மகிழ்ந்துபோவார்கள். அவர்கள் நாட்டில் அது நேட்டிவ். இங்கே இன்வேசிவ், புல்வெளியை அடைக்கிறது என்று வேரோடு பிடுங்குகிறார்கள். செடி ஒன்றுதான், நிற்கிற மண் மாறியதும் சொல் மாறிவிட்டது. சிவப்பாகப் பூக்கும் ரொடோடென்ட்ரன் அதே சமவெளியில் நிற்கிறது. அது நேட்டிவ். நெலு என்று சிங்களத்தில் சொல்லும் குறிஞ்சி வகைகளில் பலவும் நம் மலைக்கே உரியவை. அவற்றில் சில பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மலை முழுக்க ஒன்றாகப் பூக்கும். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சித் திணை என்று நம் இலக்கணம் அந்தப் பூவின் பெயரையே நிலத்துக்கு வைத்ததைப் பயணிக்குச் சொல்லிப் பாருங்கள். தாவரவியல் பெயரைவிட அதுதான் அவர் மனதில் நிற்கும்.

நேட்டிவ், என்டெமிக் இரண்டையும் கலக்காதீர்கள். இங்கே இயல்பாக இருப்பது நேட்டிவ். இங்கே மட்டும் இருப்பது என்டெமிக். மூக்கில் கொம்புள்ள ஓணான், மஞ்சள் காது கொண்டைக்குருவி இரண்டும் என்டெமிக். மரை இந்தியாவிலும் இருக்கிறது, ஆகவே நேட்டிவ் மட்டும்.

‘வில்டர்னஸ்’ என்று சொல்லும் முன்

முதலில் உச்சரிப்பு. ‘வைல்ட்’ என்று சொல்கிறோமே என்று ‘வைல்டர்னஸ்’ என்று சொல்லக் கூடாது, ‘வில்டர்னஸ்’. காட்டு விலங்கு என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது அது. அதன் நடுவில் இருப்பது ‘டீர்’, அந்தக் காலத்தில் ‘டீர்’ என்றால் மான் மட்டுமில்லை, எந்த மிருகமும்தான்.

சிவனொளிபாதமலையைச் சுற்றிய காப்பகத்துக்கு ஆங்கிலத்தில் ‘பீக் வில்டர்னஸ்’ என்றுதான் பெயர். அதையும் ஹோர்டன் சமவெளியையும் நக்கிள்ஸ் மலைத்தொடரையும் சேர்த்து 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் போட்டது. வில்டர்னஸ் என்றதும் மனிதக் காலடி படாத இடம் என்று பயணி எண்ணிக்கொள்வார். டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமியிலிருந்து) வெசாக் போயா வரைக்கும் அந்த மலையில் இலட்சக்கணக்கான காலடிகள் ஏறி இறங்குகின்றன. ஹோர்டன் சமவெளியின் ஒரு பகுதியில் ஒரு காலத்தில் உருளைக்கிழங்கு போட்டார்கள். ஆகவே ‘அன்டச்ட்’, ‘விர்ஜின்’ என்ற சொற்களை அள்ளி வீசாதீர்கள். ‘ப்ரொடெக்டட்’ என்பது உண்மையான சொல், அதன் பின்னால் வனசீவராசிகள் திணைக்கள ஊழியர்களின் உழைப்பும் தெரிகிறது.

யாரும் இல்லாத காடு என்ற எண்ணம் இந்த மலைகளில் சட்டமாகவே வந்திருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, குடியிராத நிலம், பயிரிடாத நிலம் எல்லாம் வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை பிரித்தானிய முடிக்குரியது என்று வைத்தது. கிராமத்துச் சிங்களவர் சேனை வெட்டிய (காட்டை வெட்டி எரித்து, இடம் மாற்றி மாற்றிப் பயிரிட்ட) நிலமும் மாடு மேய்த்த நிலமும் அந்த வலையில் விழுந்தன. அந்த நிலங்கள் கோப்பித் தோட்டமாகின, காட்டை வெட்டித் திருத்த நம் முன்னோர் கொண்டுவரப்பட்டார்கள். பயிர் இல்லாத நிலத்தை ஆளில்லாத நிலம் என்று எழுதிய ஒரு சொல்லின் விளைவு இது.

மனிதரைப் பற்றிப் பேசும்போது

இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் ‘செவேஜ்’ என்ற சொல் காட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. காட்டில் வாழ்பவன் என்பதே வசையாயிற்று. நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்திலும் பஸ்ஸிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், அதுவும் தமிழ் பேசுகிறவர்கள் வாயிலிருந்தே. அந்தச் சொல் எப்படிச் சுடும் என்று தெரிந்த நாம், இன்னொரு சமூகத்தைப் பற்றி அப்படி ஒரு சொல்லை இன்னொரு மொழியிலும் சொல்லக் கூடாது.

கண்டியிலிருந்து மஹியங்கனை வழியாகத் தம்பானைக்குப் போகிற பயணிகள் வேடர்களைப் பற்றிக் கேட்பார்கள். பழைய ஆங்கில நூல்கள் அவர்களை ‘வைல்ட்’ என்றே எழுதின. நீங்கள் ‘இண்டிஜினஸ் பீப்பிள்’ என்று சொல்லுங்கள். ‘ட்ரைபல்’, ‘ப்ரிமிட்டிவ்’ வேண்டாம்.

‘நேட்டிவ்’ என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. செடிக்கும் மிருகத்துக்கும் நல்ல சொல். ‘நேட்டிவ் ஸ்பீக்கர்’ என்றாலும் குற்றமில்லை. மனிதரை ‘நேட்டிவ்ஸ்’ என்று பெயர்ச்சொல்லாகச் சொன்னால் காலனிக் காலத்து எசமான் குரல் வந்துவிடும். ‘லோக்கல் பீப்பிள்’ என்று சொல்லுங்கள். கொழுந்து எடுக்கும் அக்காமாரைக் காட்டி, ‘ஆர் தீஸ் நேட்டிவ்ஸ்?’ என்று பயணி கேட்டால் கோபப்படத் தேவையில்லை. ‘தே ஆர் மலையகத் தமிழ்ஸ்’ என்று பெயரைச் சொல்லி, இருநூறு ஆண்டு வரலாற்றை இரண்டு வசனத்தில் சொல்லுங்கள். படம் எடுக்குமுன் அந்த அக்காவிடம் கேட்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

குறும்பான பிள்ளைகளை ‘ஃபெரல்’ என்று சில பிரித்தானியர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தங்கள் பிள்ளையைச் சொன்னால் செல்லம், அடுத்தவர் பிள்ளையைச் சொன்னால் இழிவு. லயத்துப் பிள்ளைகள் வாகனத்தின் பின்னால் ஓடிவரும்போது அந்தச் சொல் காதில் விழுந்தால், ‘தே ஆர் எக்சைட்டட்’ என்று நீங்கள் முந்திச் சொல்லிவிடுங்கள்.

மனிதரைப் பற்றி ‘வைல்ட்’ வந்தால் எப்போதும் வசை என்று எடுக்கவும் வேண்டாம். ‘த க்ரவுட் வென்ட் வைல்ட்’ என்றால் கூட்டம் உற்சாகத்தில் துள்ளியது. ‘ஐ ஆம் நாட் வைல்ட் அபௌட் இட்’ என்று சாப்பாட்டைப் பற்றிச் சொன்னால் பெரிதாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம், அடுத்த நாள் வேறு கடைக்குக் கூட்டிப் போங்கள். ‘வைல்ட் கெஸ்’ என்றால் குத்துமதிப்பு. ‘வைல்ட் வெதர்’ என்றால் காற்றும் மழையுமாக அடிக்கிற அடி, ஜூன் ஜூலையில் அம்பேவலப் பக்கம் போனவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இரண்டு சொல்லுக்கு உடனே விழித்துக்கொள்ளுங்கள்

‘வைல்ட் கேம்பிங்’ வேண்டும் என்று இளைஞர் குழுக்கள் கேட்கும். ஒழுங்குபடுத்திய கூடாரத் தளம் இல்லாமல், விருப்பமான இடத்தில் கூடாரம் அடிப்பது என்று பொருள். தேசியப் பூங்காவுக்குள் அது முடியாது. திணைக்களத்தின் அனுமதியோடு, அதற்கென ஒதுக்கிய தளத்தில் மட்டுமே தங்கலாம். தோட்டக் காணி என்றால் தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். முன்பணம் வாங்குமுன் இதைச் சொல்லிவிடுங்கள்.

‘வைல்ட் ஸ்விமிங்’ என்றால் ஆற்றிலும் குளத்திலும் அருவியிலும் குளிப்பது. பிரித்தானியாவில் இதற்குப் பெரிய மோகம். தியலும நீர்வீழ்ச்சியின் மேல் பொய்கைகளைக் கேட்டுத்தான் வருவார்கள். அங்கே கீழே 220 மீற்றர் இறக்கம். நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடித்தாலும் மேல் மலையில் மழை பெய்தால் தண்ணீர் சட்டென்று ஏறும். தண்ணீர் கலங்கி நிறம் மாறினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. ‘அவுட், நௌ’ என்று உரத்துச் சொல்லி எல்லோரையும் கரையேற்றுங்கள். மழைக்காலத்தில் அந்தப் பயணத்தையே ஏற்காதீர்கள்.